கிளிக்கர் கேம்கள்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் கம்ப்யூட்டர், மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஓரமாகச் சில சிஸ்டம்கள் போட்டு பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்ப வேலைகளும் நடக்கும். கிளிக்கர் கேம் ஆடுகிற ஆள் என்று என்னைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் தெரியும். பர்கூர் பக்கம் படிக்கும் இன்ஜினியரிங் பிள்ளைகள், ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், பையனைப் பற்றிப் புகார் சொல்ல வரும் அம்மாக்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதிலை ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிட்டால் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கிளிக்கர் கேம்னா என்னங்க?

திரையில் ஒரு பொருள் இருக்கும். பிஸ்கட், காசு, அரக்கன், எதுவாகவும் இருக்கலாம். அதைத் தட்டினால் ஓர் எண் ஏறும். சேர்ந்த எண்ணைச் செலவு செய்தால், நீங்கள் தட்டாமலே எண்ணை ஏற்றித் தரும் கருவிகள் கிடைக்கும். கருவி வாங்க வாங்க விலையும் ஏறும். அடிப்படை இவ்வளவுதான்.

விரலால் தட்டிக்கொண்டே இருந்தால்தான் நகரும் என்பது ஒரு வகை. திறந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்பது இன்னொரு வகை, அதை ஐடில் கேம் என்பார்கள். பெரும்பாலான கேம்கள் முதல் வகையாகத் தொடங்கி இரண்டாம் வகையாக முடியும். நான் இங்கே அதிகம் பேசப்போவது கையால் தட்டும் பகுதியைப் பற்றி.

அதுல அப்படி என்ன இருக்குன்னு மணிக்கணக்கா தட்டுறாங்க?

நம் ஊரில் மாசி, பங்குனியில் புளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் நாலு பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கை ஒரே அசைவைத்தான் செய்யும், பேச்சு எங்கெங்கோ போகும், பக்கத்தில் குவியல் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். உழைத்தது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. நாம் செய்கிற மற்ற வேலைகளில் இது அபூர்வம். டிஎன்பிஎஸ்சிக்கு ஒரு வருஷம் படித்தவருக்கு அந்தப் படிப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று காட்ட ஒன்றும் கிடையாது. கிளிக்கர் கேமில் ஒவ்வொரு தட்டுக்கும் பதில் உண்டு. சின்னச் சத்தம் வரும், பொருள் லேசாக அமுங்கி எழும், "+1" என்று மேலே பறக்கும். (புளி தட்டுகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி உண்டு. நமக்கு இல்லை. ஒப்பீடு அங்கேயே நின்றுவிடுகிறது.)

தோற்பதற்கு வழியில்லை என்பதும் ஒரு காரணம். மற்ற கேம்களில் வேகம் வேண்டும், குறி தப்பக் கூடாது, எதிரில் இருப்பவன் திட்டுவான். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஷிப்ட் முடித்து மூளை காய்ந்து வருபவனுக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது காரணம், அடுத்தது எப்போதும் பக்கத்திலேயே இருப்பது. இன்னும் 40 சேர்ந்தால் ஒரு கருவி. அதை வாங்கியதும் அதற்கும் மேலே ஒரு கருவி இருப்பது நிழலாகத் தெரியும், பெயர் மட்டும் கேள்விக்குறியாக இருக்கும். "அதையும் பார்த்துவிட்டுப் படுக்கலாம்" என்று உட்கார்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய.

விரலால தட்டுறதுக்கு எவ்வளவு நேரம் மதிப்பு இருக்கும்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். பெரும்பாலோருக்குத் தெரிந்த குக்கி கிளிக்கரையே எடுத்துக்கொள்வோம். பிரான்ஸைச் சேர்ந்த ழூலியன் தியெனோ, ஆர்டைல் என்ற புனைபெயரில், 2013 ஆகஸ்டில் வெளியிட்டது. பிரவுசரில் இலவசமாக ஆடலாம். தட்டுகிற பொருள் குக்கி, அதாவது பிஸ்கட்.

தொடக்கத்தில் ஒரு தட்டுக்கு ஒரு குக்கி. சாதாரண ஆள் வினாடிக்கு 5 முறை தட்டலாம், ஆக வினாடிக்கு 5 குக்கி. முதல் கருவி கர்சர். விலை 15, தருவது வினாடிக்கு 0.1. அடுத்தது குக்கி சுட்டுத் தரும் பாட்டி. விலை 100, தருவது வினாடிக்கு 1. ஐந்து பாட்டிகள் வாங்கினால் உங்கள் விரலுக்குச் சமம். விலை ஏற்றத்தையும் சேர்த்து ஐந்து பாட்டிக்கு ஆகும் செலவு 675 குக்கி சொச்சம். விரலால் மட்டும் தட்டினாலே இரண்டேகால் நிமிஷத்தில் சேர்ந்துவிடும்.

அதாவது, ஆரம்பித்து ஐந்து நிமிஷத்துக்குள் உங்கள் விரல் செய்யும் வேலையைச் செய்ய ஆள் வந்தாயிற்று. சற்று தள்ளி ஃபேக்டரி வரும். விலை 1,30,000. ஒரே ஃபேக்டரி வினாடிக்கு 260 தரும், 52 விரல்களுக்குச் சமம். இடையில் வரும் அப்கிரேடுகளை (இருப்பதன் பலத்தைக் கூட்ட வாங்குபவை) நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் மாறும், போகிற திசை மாறாது.

கிளிக்கர் கேமின் கவர்ச்சியும் எல்லையும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. விரலுக்கு மதிப்பு இருக்கும்வரை ருசி. ஆனால் கேமில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளும் விரலின் மதிப்பைக் குறைக்கிறது. நீங்கள் ஜெயிப்பதே நீங்கள் தேவையில்லாமல் போவதற்காக. கேமை எழுதியவர் இதை என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் நல்ல கேமா, மோசமான கேமா என்று நான் பிரிக்கிறேன்.

ஆர்டைல் செய்தது கெட்டிக்காரத்தனம். 50,000 குக்கி விலையில் பிளாஸ்டிக் மவுஸ் என்று ஓர் அப்கிரேடு. அதை வாங்கினால், உங்கள் மொத்த உற்பத்தி வினாடிக்கு எவ்வளவோ அதில் 1 சதவீதம் ஒவ்வொரு தட்டிலும் கூடுதலாக வரும். வினாடிக்கு 5 தட்டு என்றால் விரலின் பங்கு 5 சதவீதம். சிறியதுதான், ஆனால் மொத்தம் ஏற ஏற அதுவும் ஏறும். தவிர, 5 முதல் 15 நிமிஷத்துக்கு ஒருமுறை திரையில் எங்காவது தங்கக் குக்கி முளைக்கும், 13 வினாடியில் மறையும். அதைப் பிடித்தால் சில சமயம் 77 வினாடிக்கு உற்பத்தி 7 மடங்காகும். அதிர்ஷ்டம் இருந்தால் 13 வினாடிக்கு ஒவ்வொரு தட்டும் 777 மடங்காகும். அந்த 13 வினாடியில் மவுஸை உடைத்துவிடுவது போலத் தட்டுவார்கள் பாருங்கள், கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல்ல எதை வாங்கணும்?

விலையை, அது வினாடிக்குத் தருவதால் வகுத்துப் பாருங்கள். போட்ட முதல் எத்தனை வினாடியில் திரும்புகிறது என்று தெரியும். கர்சர் 15-க்கு 0.1, ஆக 150 வினாடி. பாட்டி 100-க்கு 1, ஆக 100 வினாடி. பண்ணை 1,100-க்கு 8, ஏறக்குறைய 137 வினாடி. சுரங்கம் 12,000-க்கு 47, சுமார் 255 வினாடி. ஃபேக்டரி 500 வினாடி. வாங்க வாங்க விலை ஏறுவதால் நான்காவது பாட்டி பண்ணையைவிட மெதுவாகத்தான் போட்டதைத் திருப்பித் தரும். எனவே முதலில் மூன்று பாட்டிகள், பிறகு காசு சேர்த்துப் பண்ணை. கடன் கொடுத்து வாங்கிப் பழகிய எங்கள் தெரு மளிகைக்காரர் இதைப் பேனா இல்லாமலே சொல்லிவிட்டார்.

நூறாவது கர்சர் விலையைப் பாத்தா தலை சுத்துதுண்ணா. ஏன் இப்படி ஏறுது?

ஒவ்வொன்று வாங்கும்போதும் அதே கருவியின் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். 15 குக்கியில் தொடங்கும் கர்சர், பத்தாவது வாங்கும்போது 53. ஐம்பதாவது ஏறக்குறைய 14,000. நூறாவது ஒரு கோடியே 53 லட்சம். கந்துவட்டி மாதிரி விலை தன் மேலேயே ஏறுகிறது. வருமானம் ஒவ்வொன்றாகத்தான் கூடுகிறது. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ஒரு கட்டத்தில் சுவரில் போய் முட்டுவீர்கள். அது தற்செயலாக நடப்பதில்லை. சுவரைக் கட்டியவர்தான் அதைத் தாண்டும் ஏணியையும் வைத்திருக்கிறார்.

அந்த ஏணிதான் "திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பி"ங்கிறதா?

ஆமாம், அதை பிரெஸ்டீஜ் என்பார்கள். சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினால், நிரந்தரமாக ஒரு கூடுதல் பலம் கிடைக்கும். குக்கி கிளிக்கரில் இதுவரை சுட்ட மொத்தக் குக்கிகளை லட்சம் கோடியால் வகுத்து, கன மூலம் எடுத்தால் உங்கள் நிலை வரும். ஒரு லட்சம் கோடிக்கு நிலை 1. நிலை 2 வேண்டுமென்றால் 2 லட்சம் கோடி போதாது, 8 லட்சம் கோடி வேண்டும். நிலை 10-க்கு ஆயிரம் லட்சம் கோடி.

இதை வெறுப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கும். காரணம், மறுபடி தொடங்கும்போது விரலுக்கு மறுபடி வேலை வருகிறது. போன முறை ஒரு மணி நேரம் எடுத்த இடத்தைச் சில நிமிஷங்களில் தாண்டும் சுகம் தனி. ஆனால் மூன்றாவது, நான்காவது சுற்றில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் போன சுற்றில் எடுத்தவையாகவே இருந்தால், அந்த கேமில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று பொருள். மூடிவிடலாம்.

இதை யாருங்க முதல்ல கண்டுபிடிச்சது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. 2002-ல் ப்ராக்ரஸ் குவெஸ்ட் வந்தது. அதில் ஆடுகிறவர் ஒன்றுமே செய்ய வேண்டாம், வீரன் தானே சண்டை போட்டுத் தானே சாமான் சேர்ப்பான். அந்தக் காலத்து ஆன்லைன் சண்டை கேம்களைக் கிண்டல் செய்து எழுதியது.

இன்னும் சுவையான கதை கவ் கிளிக்கர். பேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற பண்ணை கேம் கொடிகட்டிப் பறந்த நேரம். அமெரிக்கப் பேராசிரியர் இயான் போகோஸ்ட், "இந்த கேம்களில் தட்டுவதைத் தவிர ஒன்றுமே இல்லை" என்று காட்ட 2010-ல் ஒரு கேம் செய்தார். ஒரு மாடு நிற்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம். முடிந்தது. கிண்டலுக்குச் செய்ததைப் பல்லாயிரம் பேர் மனசார ஆடத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் 2011-ல் மாடுகளையே காணாமல் போக்கினார். மாடு நின்ற வெறும் இடத்தையும் தட்டியவர்கள் இருந்தார்கள்.

2013-ல் கேண்டி பாக்ஸ், குக்கி கிளிக்கர் இரண்டும் வந்தன. அதற்குப் பிறகுதான் இது தனி வகையாக நிலைத்தது. 2014-ல் கிளிக்கர் ஹீரோஸ், 2016-ல் எக் இங்க் என்று வரிசை நீளும்.

ஆட்டோ கிளிக்கர் போட்டு ஆடலாமா, அது திருட்டாட்டமா?

தனியாக ஆடும் கேமில் யாரை ஏமாற்றப் போகிறீர்கள்? குக்கி கிளிக்கரில் குறுக்கு வழியில் குக்கி சேர்த்தால் அதற்கென்றே ஒரு பதக்கம் உண்டு, திருடிய குக்கி ருசிக்காது என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பதக்கம் நேர் எதிர்: 15 தட்டுக்கு மேல் தட்டாமல் பத்து லட்சம் குக்கி சேர்த்தால் கிடைக்கும். இதை முயன்று பாருங்கள், விரலைக் கட்டிப் போட்டால் யோசனை எவ்வளவு தேவைப்படுகிறது என்று தெரியும்.

என் கருத்து: ஆட்டோ கிளிக்கர் போட வேண்டும் என்று தோன்றும் கணமே கேம் உங்களுக்கு அலுத்துவிட்டது. மற்றவர்களோடு போட்டி போடும் கேம்களில் போடாதீர்கள், கணக்கை முடக்குவார்கள். தெரியாத தளத்திலிருந்து ஆட்டோ கிளிக்கர் இறக்கிய சிஸ்டங்கள் என் மேஜைக்கு வருவது எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மவுஸ் கெட்டுப் போகுமா?

போகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றால் தகடு தேயாதா?

மவுஸைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டையை ஓரத்தில் நெம்பினால் ஸ்க்ரூ தெரியும். கழற்றித் திறந்தால், இடது பட்டனுக்கு நேர் கீழே போர்டில் கருப்பாக ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் கடுகளவில் ஒரு குமிழ். அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். பிளேடு முனையால் அதன் மூடியைத் தூக்கினால் உள்ளே நகத்தைவிடச் சிறிய செம்புத் தகடு, நடுவில் வளைந்த நாக்கோடு இருக்கும். நீங்கள் தட்டும்போது கேட்கும் "டிக்" அந்தத் தகடு துள்ளும் சத்தம். ஆட ஆட நாக்கின் விறைப்பு குறையும், தொடும் முனை கருக்கும். அப்போது ஒருமுறை தட்டினால் இரண்டு முறை தட்டியதாகப் பதிவாகும்.

இந்த ஸ்விட்ச்களுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி, ஐந்து கோடி அழுத்தம் தாங்கும் என்று ரகத்துக்கு ஏற்ப எழுதியிருப்பார்கள். வினாடிக்கு 5 தட்டு என்றால் மணிக்கு 18,000. ஒரு கோடி என்பது 555 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஒன்பது மாதம். ஆபீஸ் வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் அதே மவுஸ் பல வருஷம் உழைக்கும். கிளிக்கருக்கென்று மலிவான மவுஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லூரித் தம்பி இரட்டைத் தட்டு விழும் மவுஸைச் சரிசெய்யவே விடவில்லை. ஒரு தட்டுக்கு இரண்டு குக்கி வருகிறதாம். புராஜெக்ட் ஃபோல்டரை இழுக்கப் போய் அது வேறெங்கோ திறந்து மூடி இடம் மாறிய பிறகுதான் கொண்டுவந்தான்.

விரல் வலிக்குது. மணிக்கட்டு சுருக்னு இழுக்குது.

நிறுத்துங்கள். தசைநாண் வீக்கம் விளையாட்டல்ல. போனில் கட்டைவிரலால் தட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரல் அடியிலும், மவுஸில் தட்டுகிறவர்களுக்கு ஆள்காட்டி விரல், முன்கையிலும் வலி தொடங்கும். கை மாற்றி ஆடலாம், போனைத் தரையில் வைத்து இரண்டு மூன்று விரலால் தட்டலாம், நடுவில் எழுந்து கையை உதறலாம். சில நாள் ஓய்வு கொடுத்தும் வலியோ மரத்துப்போவதோ நீடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தட்டாதீர்கள்.

கம்பெனி பஸ்ல ஆட எது சரி?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிறவர்களில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். நின்றுகொண்டு போனால் ஒரு கை கம்பியில் இருக்கும், தட்டும் கேம் வேண்டாம், போன் விழும். ஐடில் வகை எடுத்து ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை பாருங்கள். உட்கார இடம் கிடைத்தால் கிளிக்கர் ஹீரோஸ் மாதிரி ஆடலாம். ஐந்து கட்டத்துக்கு ஒருமுறை பெரிய அரக்கன் வருவான், 30 வினாடிக்குள் முடிக்க வேண்டும். விரலுக்கு அங்கே அர்த்தம் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் மட்டும் எதையும் ஆடாமல் தூங்குங்கள்.

டேப்பை மறைச்சு வச்சா கேம் ஓடுமா?

ஓடும், ஆனால் மெதுவாக. மறைந்திருக்கும் டேப்களைப் பிரவுசர் அடக்கி வைக்கும். நன்றாக எழுதிய கேம் நீங்கள் திரும்பி வந்ததும் எத்தனை நேரம் போனது என்று பார்த்து, அதற்குரியதைச் சேர்த்துவிடும்.

தட்டினா காசு வருதாமே? டெலிகிராம்ல பசங்க சேர்ந்து தட்டுறாங்க.

2024-ல் இந்த ஜுரம் நம் மாவட்டத்துக்கும் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எட்டுப் பேர் ஒரே வெள்ளெலியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்காயின், ஹாம்ஸ்டர் காம்பட் என்று டெலிகிராமுக்குள் ஆடும் கேம்கள். தட்டினால் புள்ளி, பின்னால் கிரிப்டோ டோக்கனாக மாறும் என்று பேச்சு. ஹாம்ஸ்டர் காம்பட் 2024 செப்டம்பர் 26 அன்று டோக்கன் கொடுக்கவும் செய்தது. மாதக்கணக்கில் தட்டிய மிகப் பலருக்கு எதிர்பார்த்ததில் சொற்பமே வந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் தட்டினால் ஆளுக்கு என்ன மிஞ்சும்? விரலுக்கு அங்கே மதிப்பு இருந்ததே இல்லை. தட்டும் கூட்டத்தைக் காட்டி விளம்பரமும் பேரும் சம்பாதிப்பதுதான் ஏற்பாடு. ஏதாவது லாபம் வந்தாலும் கிரிப்டோ லாபத்துக்கு நம் நாட்டில் 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் விதி, இரண்டும் 2022 முதல் உண்டு.

இதைவிட மோசம் இன்னொன்று. "500 ரூபாய் சேர்ந்துவிட்டது, எடுக்க 99 ரூபாய் கட்டணம் கட்டுங்கள்" என்று கேட்கும் ஆப்கள். அந்த 99 போகும், 500 வராது. கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்ற உதவி எண் அது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசின் 2025 சட்டம் தடை செய்திருக்கிறது. பிஸ்கட் தட்டுவது அதில் வராது, பயப்பட வேண்டாம்.

கேம்லயே காசு கட்டி வேகமா போகலாம்ங்குது. கட்டலாமா?

எதை வாங்குகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். காத்திருப்பை ஏற்படுத்தியவரே அதைக் குறைக்கக் காசு கேட்கிறார். காசு கட்டிக் கேமை ஆடாமல் இருக்கும் உரிமையை வாங்குகிறீர்கள். முன்னே பிரித்தேன் அல்லவா, மோசமான கேம்கள் இவைதான்: உங்கள் விரலின் மதிப்பைப் பிடுங்கிக்கொண்டு, அதையே துண்டு துண்டாக உங்களுக்கு விற்கும். "30 வினாடி விளம்பரம் பாருங்கள், இரண்டு மடங்கு தருகிறோம்" என்பதும் அதே வியாபாரம்தான், ரூபாய்க்குப் பதில் நேரம். அந்த விளம்பரத்தை மூடும் குறி கடுகளவில் மூலையில் வரும், ஒரு மயிரிழை தப்பினால் ப்ளே ஸ்டோருக்குப் போய் நிற்பீர்கள்.

கிளிக்கர் ஹீரோஸ் செய்தவர்களே இதில் மனம் மாறினார்கள். இலவச கேமுக்குள் கட்டுப்பாடில்லாமல் பணம் கொட்டியவர்களைப் பார்த்து, அடுத்த பாகத்தில் உள்ளே எதையும் விற்க மாட்டோம், ஒரே விலை என்று 2017-ல் அறிவித்தார்கள். ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் வந்த குக்கி கிளிக்கர் பதிப்பும் (2021) அப்படித்தான், ஒருமுறை கொடுத்தால் போதும். அந்த மாதிரிக் கேமுக்கு ஒரு பிரியாணி விலை கொடுப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

தம்பி பத்தாவது. எந்நேரமும் போன்ல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கான். பிடுங்கி வச்சிடட்டுமா?

முதலில் எதைத் தட்டுகிறான் என்று பாருங்கள் அக்கா. விளம்பரம் கொட்டுகிற இலவச ஆப் என்றால், கேமைவிட அந்த விளம்பரங்கள்தான் கவலை. ரம்மி, கடன் ஆப் எல்லாம் அதில் வரும். அதை நீக்கிவிட்டு விளம்பரமில்லாத ஒன்றைப் போட்டுக் கொடுக்கலாம். ப்ளே ஸ்டோரில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வையுங்கள், யுபிஐ பின் அவனுக்குத் தெரியக் கூடாது.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "எதை வாங்கப் போகிறாய், ஏன்?" என்று கேளுங்கள். மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுச் சொன்னான் என்றால் சதவீதமும் கூட்டு வட்டியும் அவனுக்குப் புரிந்திருக்கிறது. வெறுமனே தோளைக் குலுக்கினால், அவன் ஆடவில்லை, தட்டிக்கொண்டிருக்கிறான். அப்போது நேரம் வரையறுப்பது சுலபம், ஏனென்றால் அவனுக்கே அது அலுத்துத்தான் இருக்கும்.

இது வியாதியாகுமா?

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் நடைமுறை. நிறைய நேரம் ஆடுவது மட்டும் நோய் ஆகாது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டமே முதன்மையாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இவை வழக்கமாக ஒரு வருஷ அளவுக்கு நீடிப்பது என்று பார்ப்பார்கள். அப்படி யாராவது தெரிந்தால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

முடிவு இருக்கிற கேம் ஒண்ணு சொல்லுங்க.

யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ். ஃபிராங்க் லான்ட்ஸ் 2017-ல் செய்தது, பிரவுசரில் இலவசம். ஒரு பட்டன், தட்டினால் ஒரு பேப்பர் கிளிப். கம்பி வாங்கணும், விலை வைக்கணும். சீக்கிரமே தட்டுவது போய், வேறென்னவோ தொடங்கும். அது என்னவென்று சொல்ல மாட்டேன். சில மணி நேரத்தில் உண்மையாகவே முடியும், முடிந்ததும் மறுபடி தொடங்கத் தோன்றாது. எழுத்தை மட்டும் வைத்து ஆட விருப்பமிருந்தால் எ டார்க் ரூம் (2013). நெருப்பு மூட்டுவதில் தொடங்கும். இரண்டுக்கும் சுமாரான இங்கிலீஷ் போதும்.

என் கேம்ல எண்ணுக்குப் பதிலா "இன்பினிட்டி"ன்னு வருது. வைரஸா?

இல்லை. பிரவுசரில் எண்களை வைக்கும் முறைக்கு ஒரு கூரை உண்டு, 1-க்குப் பின் 308 சைபர் போட்டால் வரும் அளவுக்குச் சற்று மேலே. அதைத் தாண்டினால் இன்பினிட்டி என்று கையை விரித்துவிடும். ஆன்டிமேட்டர் டைமென்ஷன்ஸ் என்ற கேம் அந்தக் கூரையையே முதல் இலக்காக வைத்திருக்கிறது.

இதைவிட வேடிக்கை அதற்கு வெகு முன்னாலேயே நடக்கும். எண் 9,00,71,99,25,47,40,992-ஐத் தொட்டதும் அதோடு ஒன்றைக் கூட்டினால் கூடாது. கணக்கு அதே இடத்தில் நிற்கும். ஒரு தட்டுக்கு ஒன்று என்ற கேமில் அதற்குப் பிறகு நீங்கள் தட்டுவது எதுவும் எங்கேயும் பதிவாகாது. தட்டும் சத்தம் மட்டும் வரும்.

ஹிஸ்டரி அழிச்சேன், மொத்த கேமும் போச்சு. எடுத்துத் தர முடியுமா?

முடியாது. பிரவுசர் கேம்கள் சேமிப்பைப் பிரவுசருக்குள்ளேயே வைக்கின்றன. குக்கீஸ், சைட் டேட்டா அழித்தால் அதுவும் போகும். செட்டிங்கில் எக்ஸ்போர்ட் சேவ் என்று இருக்கும். தட்டினால் நீளமான எழுத்துக் கோவை ஒன்று வரும், அதைக் காப்பி செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வேறு சிஸ்டத்தில் இம்போர்ட் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் கடைச் சிஸ்டங்களில் ஆடுகிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள். இரவு ஷட்டர் இறக்கும் முன் மூன்றிலும் பிரவுசரைத் துடைத்துவிடுவேன், ஆதார் நகல் எடுக்க வருகிறவர்களின் விவரம் அதில் கிடக்கக் கூடாது.